பழைய கிட்டாரில் விரிசல்: வெடித்தது பூச்சா, மரமா?

மூன்று பழைய கிட்டார்கள் ஒரே விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் உடம்பு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்) பூச்சு வெடித்திருக்கிறது. இன்னொன்றில் கழுத்து உடம்போடு சேரும் பள்ளத்தின் ஓரத்தில் ஒற்றைக் கோடு, பூச்சு பாலி (பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்). மூன்றாவது புத்தம் புதிதாக மின்னுகிறது, நட்டுக்கு, அதாவது கழுத்து நுனியில் தந்திகள் படியும் சிறு பட்டைக்கு, பின்னால் மட்டும் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை. மூன்றுக்கும் விற்பவர் சொல்வது ஒன்றேதான்: "வெறும் ஃபினிஷ் கிராக்தான்", அதாவது வெடித்தது மேல்பூச்சு மட்டுமே. பார்க்க அசிங்கமாக இருப்பது முதலாவது. தயங்காமல் எடுக்கலாம் என்பதும் அதையே. கோட்டின் நீளத்தையும் எண்ணிக்கையையும் விட, அது எங்கே விழுந்திருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

வலைபோல் வெடித்த நைட்ரோ

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் மெல்லிய பூச்சு. வருடங்கள் போகப் போக நெகிழ்ச்சி வற்றி, கண்ணாடி போல் இறுகிவிடும். அடியில் இருக்கும் மரமோ சூட்டுக்கும் ஈரத்துக்கும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அதோடு நகர முடியாத லேக்கர் வெடிக்கிறது, அவ்வளவுதான். குளிரில் கிடந்த கிட்டாரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த கையோடு பெட்டியைத் திறந்தால், ஒரே நாளில்கூட இப்படி ஆகிவிடும்.

இந்தக் கோடுகள் பெரும்பாலும் மரத்தின் இழையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மரம் பிளந்தால் இழைவழியேதான் பிளக்கும். பலமான அடி படாமல் குறுக்கே பிளக்காது. அதனால் குறுக்குக் கோடுகளைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. கோடுகள் அளவுகோல் வைத்துக் கிழித்தது போல் நேராக, சம இடைவெளியில் இருந்தால், யாரோ பிளேடால் போட்ட செயற்கைப் பழமையாக இருக்கலாம். அதற்குப் பழைய கிட்டாரின் விலை கொடுக்க வேண்டாம்.

பூச்சு நைட்ரோதானா என்று சந்தேகமா? உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பிக்கார்டுக்கு (உடம்பில் கீறல் விழாமல் காக்கும் தகட்டுக்கு) அடியில் மறைந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி அசிட்டோன் வையுங்கள். நைட்ரோ என்றால் சில வினாடிகளில் பிசுபிசுக்கும். பாலி அசையாது.

கழுத்துப் பள்ளத்தில் கோடு விழுந்த பாலி

பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் ஓடு மாதிரி. தடித்தவை, கெட்டியானவை. வலையாக வெடிப்பது அபூர்வம். வெடித்தால் ஒரே நீளக் கோடு, அல்லது சில்லாகப் பெயரும். போல்ட் போட்ட கழுத்துள்ள கிட்டார்களில் பள்ளத்தின் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்புவது சர்வ சாதாரணம். அங்கே மரச்சுவர் மெல்லியது; கழுத்தோ இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். கழுத்தில் சின்ன இடி பட்டாலும் அந்த மூலையில்தான் பூச்சு விட்டுக்கொடுக்கும்.

நிச்சயம் தெரிய வேண்டுமானால், தந்திகளைத் தளர்த்தி நான்கு திருகுகளையும் கழற்றிப் பள்ளத்தின் உள்சுவரைப் பாருங்கள். கோடு பூச்சோடு நின்றுவிட்டால் அழகுக் குறைதான். மரத்திலும் தொடர்ந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

இதே பாலி உடம்பில் வேறொரு கோடு உண்டு, அதை மன்னிக்கக் கூடாது: டிரெமோலோ பிரிட்ஜை (உடம்பில் தந்திகளைத் தாங்கும், கைப்பிடியால் அசைக்கக்கூடிய பாகத்தை) தாங்கும் இரண்டு தூண்களில் ஒன்றிலிருந்து, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் உட்காரும் குழியை நோக்கி ஓடும் கோடு. பத்தாம் நம்பர் தந்தி செட் (மிக மெல்லிய தந்தி 0.010 அங்குலம்) சுமார் 45 கிலோ விசையோடு இழுக்கிறது. அந்தத் தூண் முன்பக்கம் சாய்ந்திருந்தால் வெடித்தது பூச்சு அல்ல.

நட்டுக்குப் பின்னால் மயிரிழை

கிப்ஸன் கம்பெனி பாணிக் கழுத்துகளில் ஹெட்ஸ்டாக் (சுருதித் திருகுகள் இருக்கும் தலைப்பகுதி) சுமார் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். ஒரே கட்டை மஹோகனியைச் சாய்வாக அறுப்பதால் அந்த வளைவில் இழை நீளமாக ஓடாமல் குட்டையாக அறுந்துபோகிறது. போதாக்குறைக்கு டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திருகுக்காக அங்கேயே குழி தோண்டியிருப்பார்கள். பெட்டியோடு மல்லாக்க விழுந்தாலே ஒடிகிற இடம் அது.

இங்கே தெரியும் எல்லாக் கோடும் உடைப்பு அல்ல. ஹெட்ஸ்டாக்கின் இரு விளிம்பிலும் நீளவாக்கில் ஓடும் நேர்க்கோடு, அகலத்துக்காக ஒட்டிய துண்டின் மூட்டு. கழுத்தின் பின்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சீராகப் போகும் கோடு ஸ்கார்ஃப் மூட்டாக, அதாவது தலைப்பகுதியைச் சாய்வாக வெட்டி ஒட்டிய இணைப்பாக, இருக்கலாம். கோணலாக, இழையைத் தழுவி வளைந்து, பக்கவாட்டில் ஏறும் கோடுதான் ஆபத்து.

சுருதி கூட்டிய நிலையில் கட்டைவிரலை அந்தக் கோட்டின்மேல் வைத்து, மறுகையால் ஹெட்ஸ்டாக்கை மென்மையாக முன்னும் பின்னும் அழுத்துங்கள். விரலுக்கடியில் கோடு வாய் திறந்தாலோ, கையை எடுத்தபின் சுருதி பழைய இடத்துக்கு வராவிட்டாலோ, கீழே வைத்துவிடலாம். நகம் மாட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. நைட்ரோ வெடிப்பிலும் நகம் லேசாக மாட்டும். கோட்டின் ஒரு கரையை அழுத்தும்போது மறுகரை அசையாமல் படி மாதிரி நின்றால் மரம் பிளந்திருக்கிறது.

பின்பக்கம் மட்டும் கறுப்புப் பெயின்ட் புதிதாகத் தெரிந்தால் புற ஊதா டார்ச் அடியுங்கள். பிற்பாடு அடித்த பூச்சு வேறு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். ஒழுங்காக ஒட்டிய உடைப்பு வாசிக்கத் தடையாக இருக்காது. ஆனால் விற்கப் போனால் விலை பலமாக அடிபடும், ஆகவே வாங்கும்போதே அந்த விலைதான் பேச வேண்டும்.

அக்கூஸ்டிக் என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: பிரிட்ஜுக்குக் கீழே, ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை) நுனியின் இரு பக்கம், பிக்கார்டின் விளிம்பு. இருட்டறையில் ஒலித்துளை வழியே டார்ச்சை உள்ளே விடுங்கள். வெளியே கோட்டில் வெளிச்சம் கசிந்தால் மரம் முழுதாகப் பிளந்திருக்கிறது.

வாங்கியபின்

பாலிக் கோட்டில் மெல்லிய சூப்பர் க்ளூவைச் சொட்டினால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் காயவிட்டு, பிளேடின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி மேட்டை மட்டும் சுரண்டி, 1000, 2000 எண் உப்புத்தாள்களை நனைத்துத் தேய்த்தால் கோடு மங்கிவிடும். நைட்ரோ வலையை அப்படியே விடுவதே நல்லது. புது லேக்கர் பழையதைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும், கூடவே அசல் பூச்சு என்ற மதிப்பும் கரையும். சிலிக்கோன் கலந்த பாலிஷை மட்டும் அந்தக் கோடுகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இடுக்கில் இறங்கிய சிலிக்கோனை எடுப்பது பெரும்பாடு. நாளை யார் லேக்கர் அடித்தாலும் அந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் மீன்கண் போலக் குழி விழும்.