பழைய இன்டர்காம் பெட்டி, புதிய கால் சென்டர் மென்பொருள்: எதை எதற்கு முன்னால் வைப்பது?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனை. 90 எக்ஸ்டென்ஷன் (உள் போன்), ஒரே கேபிளில் 30 பேச்சு போகும் பிஆர்ஐ லைன் ஒன்று, முன்பதிவு மேசையில் ஆறு பெண்கள். சங்கரன்கோவில், கடையம், திசையன்விளை என்று நாலாபக்கமிருந்தும் காலை எட்டு மணிக்கே போன் வர ஆரம்பித்துவிடும். "போன வாரம் வந்தேன்லா, அந்தக் கண்ணு டாக்டரு இருக்காவளா?" என்பார் ஓர் ஆச்சி. எந்த ஆச்சி, எந்தக் கண் டாக்டர் என்று கண்டுபிடிப்பதற்குள் பின்னால் நான்கு பேர் ரிங் போய் வைத்துவிடுவார்கள்.

அவர்கள் கேட்டது மூன்றுதான். மணி அடிக்கும்போதே நோயாளியின் விவரம் திரையில் வர வேண்டும். காத்திருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். எத்தனை அழைப்பு தவறியது என்று சாயங்காலம் கணக்கு வேண்டும். இதற்கான மென்பொருளை வாங்கிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பதினைந்து வருடமாக மினுக்கிக்கொண்டிருக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியோடு, அதாவது வெளி லைனையும் உள் போன்களையும் இணைக்கும் இன்டர்காம் பெட்டியோடு, அதை எப்படிச் சேர்ப்பது என்று அதற்கப்புறம்தான் யோசித்தார்கள். வழக்கமாக நடப்பதுதான்.

இதற்கு நான்கு வழி உண்டு. விற்க வருகிறவர்கள் வசதிகளை வரிசையாக டிக் போட்டுக் காட்டுவார்கள். நான்கிலும் எல்லா டிக்கும் இருக்கும். நான் கேட்பது ஒரே கேள்வி: பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு யார் கையில் இருக்கிறது?

முதல் வழியில் அது பெட்டியின் கையிலேயே இருக்கும். மென்பொருளுக்குச் சேதி மட்டும் போகும். "201இல் மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார்கள், ஹோல்டில் போட்டார்கள், வைத்துவிட்டார்கள்" என்று பெட்டி சொல்லச் சொல்ல மென்பொருள் கேட்டுக்கொள்ளும். வேண்டுமானால் "இந்த எண்ணைக் கூப்பிடு" என்று ஒரு கட்டளை கொடுக்கும். இதைத்தான் சிடிஐ (கணினி-டெலிபோன்) இணைப்பு என்கிறார்கள். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 1993இல் கொண்டுவந்த டாப்பி, எக்மா என்ற தரநிர்ணய அமைப்பு 1992இல் வெளியிட்ட சிஎஸ்டிஏ என்று இதன் மொழிகள் எல்லாம் பழையவை. பழசு என்பது குறையில்லை. வயரிங்கில் கை வைக்க வேண்டாம், வார்டு போன்கள் அப்படியே இருக்கும், ஒரு மத்தியான வேலை.

சிக்கல் டிரைவரில், அதாவது பெட்டியின் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் சிறு மென்பொருளில் தொடங்கும். டாப்பி டிரைவரைப் பெட்டி தயாரித்தவர்தான் தர வேண்டும். பழைய பெட்டிகளுக்கு 32 பிட் டிரைவர் மட்டுமே இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளாது. இந்த ஒரு காரணத்துக்காகவே தூசி படிந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றை மேசைக்கடியில் உயிரோடு வைத்திருக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் அணைக்கக் கூடாது என்று மேலே பேப்பர் ஒட்டியிருக்கும். அப்புறம் லைசென்ஸ். இணைப்புக்குத் தனி, போன் எடுக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தனி என்று கேட்பவர்கள் உண்டு.

இவற்றைவிடப் பெரிய தொல்லை டிரான்ஸ்ஃபர். ஆபரேட்டர் அழைப்பை எடுத்து, முன்பதிவுப் பெண்ணிடம் "கடையத்திலிருந்து ஒருத்தங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளுகிறார். பெட்டியைப் பொறுத்தவரை அது ஆபரேட்டர் போட்ட புது அழைப்பு. அதனால் அந்தப் பெண்ணின் திரையில் ஆச்சியின் எண் வராது, ஆபரேட்டரின் எக்ஸ்டென்ஷன்தான் வரும். ஆபரேட்டர் வைத்த பிறகுதான் "இரண்டையும் சேர்த்துவிட்டேன்" என்ற சேதி வரும். அதைக் கவனித்து எண்ணை மாற்றிக்கொள்ளும் புத்தி மென்பொருளுக்கு இருக்க வேண்டும். டெமோவில் நேரடி அழைப்பை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆபரேட்டர் வழியாக ஒன்றை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, அழைப்பையே மென்பொருளின் கைக்குக் கொடுப்பது. பெரும்பாலும் ஆஸ்டரிஸ்க். மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய திறமூல மென்பொருள். ஒரு சாதாரண சர்வரையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக ஆக்கிவிடும். கால் சென்டர் மென்பொருள் நெட்வொர்க் வழியாக, 5038 என்ற போர்ட்டில் அதனோடு பேசும். பழைய பெட்டியும் இருக்கும். சரி, இரண்டில் எது முன்னால்?

பலர் ஆஸ்டரிஸ்கைப் பின்னால் வைப்பார்கள். லைன் பெட்டிக்கு வரும், முன்பதிவு அழைப்புகளைப் பெட்டி சர்வருக்கு அனுப்பும். பார்க்கச் சுலபம். ஆனால் முன்பதிவுப் பெண் அந்த அழைப்பை வார்டுக்கு மாற்றினால், உள்ளே வந்த அழைப்பு அதே இணைப்பில் திரும்பி வெளியே போக வேண்டும். ஓர் அழைப்புக்கு இரண்டு சேனல். 30 சேனல் இணைப்பில் இப்படி 15 அழைப்பு நின்றால் அடைத்துக்கொண்டது. மேலும், அழைத்தவர் எண்ணைப் பெட்டி அப்படியே கடத்தாமல் தன் எண்ணை ஒட்டி அனுப்பினால் திரையில் எல்லோரும் ஒரே ஆள். பெட்டியும் சர்வரும் எஸ்ஐபியில் (நெட்வொர்க் வழியாக அழைப்பு அனுப்பும் முறை) பேசினால், பட்டன் ஒலியை ஒன்று குரலோடு சேர்த்தும் மற்றொன்று தனிப் பாக்கெட்டாகவும் எதிர்பார்க்கும். ஆச்சி ஒன்றை அழுத்து அழுத்தென்று அழுத்துவார், "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று அது மறுபடியும் சொல்லும்.

நான் முன்னால் வைப்பவன். சர்வரில், பிஆர்ஐ கேபிள் சொருகுவதற்கு இரண்டு போர்ட் உள்ள இ1 கார்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் பிஆர்ஐ முதல் போர்ட்டில். இரண்டாவது போர்ட்டிலிருந்து பழைய பெட்டிக்கு ஒரு கிராஸ் கேபிள், அதன் 1ம் 2ம் பின்கள் அந்தப்பக்கம் 4க்கும் 5க்கும் போகும். முன்பதிவு எண்ணுக்கு வருவதை சர்வர் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆறு பெண்களுக்குப் பகிரும். மற்றதையெல்லாம் அழைத்தவர் எண்ணோடு அப்படியே பெட்டிக்குத் தள்ளிவிடும். இதில் அழகு என்னவென்றால், பெட்டியில் ஒரு செட்டிங்கைக்கூட மாற்ற வேண்டாம். சர்வர் அதன் முன் எக்ஸ்சேஞ்ச் வேஷம் போடுகிறது. பெட்டி எக்ஸ்சேஞ்சோடுதான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு இடத்தில் வழுக்கும்: கடிகாரம். இ1 என்பது நொடிக்கு 20 லட்சத்துச் சொச்சம் பிட் ஓடும் பாதை. யார் தாளம் போடுவது என்று முடிவாக வேண்டும். முதல் போர்ட் எக்ஸ்சேஞ்சிடமிருந்து தாளம் வாங்க வேண்டும், இரண்டாவது பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். தப்பாகப் போட்டாலும் பேச்சு போகும், அதுதான் ஆபத்து. நடுநடுவே 'டிக்' என்று ஒரு சத்தம், ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடும். இரண்டு நாள், போன் கம்பிகள் வந்து சேரும் குரோன் பெட்டியில் ஒவ்வொரு ஜோடியாகக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் சர்வரின் கடிகார செட்டிங்கில் ஒரு எண்ணை 0இலிருந்து 1 ஆக்கிச் சரிசெய்தவன் நான்.

மூன்றாவது, பெட்டியைத் தூக்கிவிட்டு எல்லாமே ஐபி போன். புதுக் கட்டடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். பழைய கட்டடத்தில் 90 இடத்துக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்க வேண்டும், ஒவ்வொரு மாடியின் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் வேண்டும். கரண்ட் போனால் பழைய பெட்டி ஒரே பேட்டரியில் எல்லா வார்டுக்கும் செம்புக் கம்பியிலேயே மின்சாரம் அனுப்பிவிடும். அந்த அருமை அது போன பிறகுதான் தெரியும்.

நான்காவது கிளவுட். பெங்களூரு எக்ஸோடெல், ஹைதராபாத் ஓசோன்டெல் போன்றவர்களிடம் வாடகைக்கு எடுப்பது. அழைப்பு அவர்கள் கையில்; வந்ததும் வெப்ஹூக் (இணையம் வழி தானாக அனுப்பும் சேதி) மூலம் நம் மென்பொருளைத் தட்டுவார்கள். மூன்று கோரிக்கையும் ஒரு வாரத்தில் நிறைவேறும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன் பக்கம் ஏறியபோது கீழ்த்தளத்தில் பெட்டி வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் மறுநாள் அதைத் தண்ணீரிலிருந்து எடுத்தோம். கிளவுட் என்றால், டவர் இருக்கும் வரை, வீட்டிலிருந்தே எடுக்கலாம். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இருபது வருடமாக மருந்துச் சீட்டில் அச்சாகியிருக்கும் 0462 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணைக் கூடவே எடுத்துப்போக முடியாது. நிறுவனம் மாறியும் எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி 2011இல் நாடு முழுக்க வந்தது மொபைலுக்குத்தான். பழைய எண்ணிலிருந்து ஃபார்வர்டு போடலாம். அப்போது அழைத்தவர் எண்ணுக்குப் பதில் நம் எண்ணே போய்ச் சேர்வதும் உண்டு. ஆச்சி மறுபடியும் யாரோ ஆகிவிடுவார். உள்ளே வார்டுக்கு மாற்றுவதும் லேசில்லை. வார்டே இல்லாத ஆறு பேர் அலுவலகத்துக்கு நான் கிளவுடைத்தான் சொல்வேன்.

எந்த வழி போனாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். எண் ஒரு நாள் 0 சேர்ந்து வரும், ஒரு நாள் 91 சேர்ந்து வரும், பதிவேட்டில் யாரோ நடுவில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். எண் அல்லாததை நீக்கிவிட்டு, கடைசி பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். 0462இல் 0 போனால் லேண்ட்லைனும் பத்துதான். அப்புறம், ஒரு மகனின் மொபைலில் ஆச்சி, தாத்தா, மருமகள், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் பதிவாகியிருப்பார்கள். திரையில் ஒரு பெயரைக் காட்டாதீர்கள், ஐந்தையும் காட்டுங்கள். "யாருக்குப் பாக்கணும் ஆச்சி?" என்று கேட்டு ஒரு கிளிக். அந்தக் கேள்வியை எந்த மென்பொருளும் கேட்க வேண்டாம்.

வண்ணார்பேட்டையில் சர்வரை முன்னால் வைத்தோம், முதல் மாடியில். பிஆர்ஐ கேபிளில் ஒரு அட்டை தொங்குகிறது: "சர்வர் செத்தால் இதைப் பிடுங்கி, பழைய பெட்டியில் சிவப்புக் குறி உள்ள இடத்தில் சொருகவும்." பெட்டி எக்ஸ்சேஞ்சை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பதால் வேறெதுவும் செய்ய வேண்டாம். ஒரு முறை ராத்திரி இரண்டு மணிக்கு ஹார்டு டிஸ்க் போனபோது டியூட்டியில் இருந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியே மாற்றிச் சொருகியிருக்கிறார். காலையில் நான் போனபோது அட்டையின் பின்பக்கம் நேரமும் தேதியும் பேனாவில் எழுதியிருந்தது.