காரைக்குடிப் பக்கம் கேரவன் கட்டக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

அறுபதாம் சாந்தி முடிந்த கையோடு ஒரு வேனை வீடாக மாற்றிக்கொண்டு காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பும் ஆசை நம் பக்கம் நிறையப் பேருக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பட்டறைகளும் முளைத்திருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில் ஓய்வுக்காலப் பணத்தைக் கொட்டிய தம்பதியின் வண்டி, இப்போது வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. அதில் என்னென்ன கோளாறு, எதனால் என்பதுதான் இந்தப் பதிவு. பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

முதல் அடி காகிதத்தில். வாங்கிக் கொடுத்தது மஞ்சள் போர்டு போட்ட பழைய மேக்சி கேப், அதாவது வாடகைக்கு ஆள் ஏற்றும் வேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்படி, கழிப்பறை வைத்தார்கள். "ஆர்.சி. மாத்துறது எங்க பொறுப்பு ஆச்சி, நீங்க சாமான் கட்டுற வேலையப் பாருங்க" என்றார்கள். இன்றுவரை ஆர்.சி.யில் 12+1 இருக்கை மேக்சி கேப் என்றுதான் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் வெள்ளை போர்டு வண்டி. மஞ்சள் போர்டில் இருந்து அதற்கு வர பர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி, வகையை மாற்ற வேண்டும். ஆனால் அதற்கும் முந்தின சிக்கல் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் 182-ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டப்போவது பட்டறைக்காரர் இல்லை, நீங்கள்தான்.

முறையான மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரம் இருக்கிறது. புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதலை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வேலை முடிந்ததும் பாடி கட்டியவர் கையெழுத்திட்ட படிவம் 22-ஏ (பாடி விதிப்படி கட்டப்பட்டது என்ற சான்று) தருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊரிலேயே பேட்டரியில் ஏமாற்றுகிறார்களே என்பதுதான் ஆத்திரம். லேபிளில் 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் என்று இருக்கிறது. அதாவது 2,560 வாட்-ஹவர். இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு, இன்வெர்ட்டரில் இரண்டு 100 வாட் குண்டு பல்பைப் போட்டு விடுங்கள். இன்வெர்ட்டர் தின்னும் பத்து சதவீதம் போனாலும் 11 மணி நேரம் எரிய வேண்டும். அந்த வண்டியில் ஐந்தரை மணி நேரத்தில் அணைந்தது. பிரித்துப் பார்த்தால், எங்கோ ஓடித் தேய்ந்த செல்களுக்குப் புது நீல உறை. டெர்மினலில் பழைய வெல்டிங் தடம், செல்லின் மேலிருந்த கியூ.ஆர். கோடு சுரண்டப்பட்டிருக்கிறது, ஒரு செல் வயிறு உப்பியிருக்கிறது. ஆகவே மூடிய பெட்டியாக வாங்காதீர்கள். திறந்து காட்டச் சொல்லி, ஒவ்வொரு செல்லின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பேட்டரி நல்லதாகவே இருந்தாலும் "ராத்திரி முழுக்க ஏசி ஓடும்" என்பது புளுகு. ஒரு டன் ஏசி ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும், அந்த 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டேகால் மணி நேரத்தில் காலி. கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் கைக்கு வருவது சுமார் 1,500 வாட்-ஹவர். கணக்கு எப்படியும் ஒத்துவராது. கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்தான் ராத்திரிக்கு. ஏசி வேண்டுமென்றால் சத்திரத்திலோ விடுதியிலோ ப்ளக் போட்டு ஓட்டுங்கள். டைனமோவில் இருந்து லித்தியத்துக்கு நேராக ஒயர் இழுத்ததும் தப்பு. லித்தியம் கிடைக்கிற கரண்டையெல்லாம் நிறுத்தாமல் இழுக்கும், டைனமோ சூடாகி டயோடு கருகும். நடுவில், கரண்டை அளவாக விடும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தே ஆக வேண்டும்.

தீப்பிடிக்கக்கூடிய இடம் ஒயர். 2,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளாவது வேண்டும். இவர்கள் போட்டது 16. அதுவும் செம்பு இல்லை: ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிகிறது. பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸ் எங்குமே இல்லை. பக்கத்திலேயே, கட்டிலுக்கு அடியில், வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர்! எல்.பி.ஜி. காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்தி, உள்ளறையோடு தொடர்பில்லாத தனிப் பெட்டியில் வைத்து, பெட்டியின் தரையில் வெளியே திறக்கும் ஓட்டை விட வேண்டும்.

இனி எடை. 'செட்டிநாட்டு லுக்' என்று தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். முக்கால் அங்குலக் கல் சதுர மீட்டருக்கு 40 கிலோவைத் தாண்டும். ஐந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஓடும் வண்டியின் பாடி முறுக்கிக்கொண்டே இருக்கும், சிமென்ட் அதற்கு வளைந்து கொடுக்காது. புதுக்கோட்டை தாண்டுவதற்குள் விரிசல் விட்டது. அந்தப் பூ வேலை பிடிக்குமென்றால் வினைல் ஷீட்டில் அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம். 18 மில்லி பிளைவுட் 8-க்கு 4 ஷீட் ஒன்று 35 கிலோ வரை வரும், எட்டு ஷீட் போட்டிருக்கிறார்கள். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி பின் அச்சுக்கும் பின்னால். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்குவதால் ஸ்டியரிங் லேசாகி, வண்டி பிடியில் நிற்காமல் அலைபாய்கிறது. தொட்டி இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக இருக்க வேண்டும். டெலிவரி எடுக்கும்முன் தண்ணீர் நிரப்பி, ஆட்கள் ஏறி, எடைமேடையில் முழு வண்டியை ஒரு தடவையும் பின்சக்கரத்தை மட்டும் ஒரு தடவையும் நிறுத்திப் பாருங்கள். முழு எடை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருக்க வேண்டும். பின் அச்சின் வரம்பு கம்பெனித் தகட்டில் இருக்கும்.

கழிவுநீர்க் குழாயை ரோட்டுக்கே விட்டிருக்கிறார்கள். ஊருணிக்குப் போகிற வாய்க்காலில் சோப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஊரார் சும்மா விடுவார்களா? நல்ல தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டரோ, ஏறக்குறைய அத்தனை லிட்டருக்குக் கழிவுநீர்த் தொட்டியும் வேண்டும்.

பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள். கால் பங்கையாவது, ஆர்.சி. புது வகையில் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். அந்தத் தம்பதியிடம் இருப்பது வெறும் எஸ்டிமேட் துண்டுச்சீட்டு. பொருள் பட்டியலோடு ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பிறகு பட்டறைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போட முடியும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து ஒயரைப் பிரித்துவிடாதீர்கள். ஃபியூஸ் இல்லாத இடம், சுரண்டிய கம்பி, செல்லின் முகம், எடைமேடைச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பார்த்தவர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். பிரித்த பிறகு ஆணையத்தில் காட்ட எதுவும் மிஞ்சாது.