மேரி அவென்யூ சைக்கிள் பாலம்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று கேட்டால், இந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் கிடைக்கிறதா பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். 280 ஃப்ரீவே என்ற அதிவேக நெடுஞ்சாலைக்கு மேலே போய், சன்னிவேலையும் பக்கத்து ஊரான கூப்பர்டினோவையும் இணைக்கிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான். காருக்கு இடமே இல்லை. 2009 ஏப்ரலில் திறந்தார்கள். பிறகு, இதற்காகப் பாடுபட்ட கூப்பர்டினோ முன்னாள் மேயர் டான் பர்னெட்டின் பெயரை வைத்தார்கள். எங்கள் வீட்டில் இன்னும் மேரி அவென்யூ பாலம்தான்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஒருமுறை டி ஆன்ஸா புலவார் என்ற பெரிய சாலை வழியாக சைக்கிளில் 280-ஐக் கடந்து பாருங்கள். ஃப்ரீவேயில் ஏறப் போகும் கார்கள் வேகம் பிடித்துக்கொண்டே நம் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும். பெரியவர்களே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பிள்ளைகளை அந்த வழியில் தனியாக அனுப்ப எனக்கு மனம் வராது. பாலத்தின் வடக்கு முனையிலோ ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. தெற்கே இறங்கி மேரி அவென்யூவில் போனால் டி ஆன்ஸா கல்லூரியும் மெமோரியல் பூங்காவும் வந்துவிடும். இரண்டு முனையும் மக்கள் நிஜமாகப் போக வேண்டிய இடங்களில் இருப்பதால்தான் பாலம் சும்மா கிடப்பதில்லை.

படமெடுக்க வருகிறவர்கள் கோபுரங்களையும் கேபிள்களையும் எடுக்கிறார்கள். அழகுதான். கேபிள்கள் தளத்தை மேலிருந்து தாங்குவதால், ஓடும் வாகனங்களுக்கு நடுவே தூண் நட வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. ஆனால் தினமும் போகிறவனுக்கு முக்கியம் ஏற்றம். ஒரு படிக்கட்டுகூடக் கிடையாது. சைக்கிளைத் தூக்க வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கியரைக் குறைத்தால் மூச்சு வாங்காமல் மேலே போய்விடலாம். ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தபோது அம்மா முழங்கால் வலியோடு இதில் ஏறி இறங்கினார். இங்கே கார் ஓட்டத் தெரியாத பெற்றோருக்கு, மகனோ மகளோ ஆபீஸிலிருந்து வரும்வரை வீடே உலகம். அம்மா தானாகவே பூங்காவுக்குப் போனார், அங்கே நாலு பேரைப் பழக்கம் பிடித்தார், மாலையில் அவர்களோடு பேசிக்கொண்டே திரும்பினார். என்னைப் பொறுத்தவரை இந்தப் பாலம் செய்த ஆகப்பெரிய வேலை அதுதான்.

சரி, குறைகள். முதலில் சத்தம். கீழே கார்கள் போகிற இரைச்சலில் நடுப்பாலத்தில் போன் பேச முடியாது, பக்கத்தில் வருகிறவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். நிழல் இல்லை, ஜூலை மதியத்தில் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். பிற்பகலில் காற்று அடித்தால் பக்கவாட்டில் தள்ளும்.

இவையெல்லாம் பழகிவிடும். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இறக்கத்தின் வேகம். மின்சார சைக்கிள்கள் பெருகிய பிறகு, நடக்கும் முதியவர்களை உரசுவது போலச் சிலர் பறக்கிறார்கள். மணி அடித்தாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது. அதனால் நடப்பவர்களைக் கண்டாலே நான் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், தயவுசெய்து.

பாலத்துக்கு 1 கோடியே 48 லட்சம் டாலர் செலவானது. 503 அடி நீளத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி விடும் நேரத்தில் வடக்கு முனையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் அவர்களுக்கே பதில் கிடைத்துவிடும். அத்தனை பிள்ளைகளையும் காரில் கொண்டுவந்து விட்டால் ஹோம்ஸ்டெட் சாலை என்னவாகும்?

அந்தச் சாலையின் சிக்னல்தான் இப்போது பெரிய தடை. பள்ளி விட்டதும் வருகிற கூட்டம் மொத்தமும் கடக்குமுன் விளக்கு மாறிவிடுகிறது. அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் கடக்கும் நேரத்தைச் சில விநாடிகள் கூட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். இந்த வழியாகப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் எல்லாரும் எழுதினால் நடக்கும்.