பதினாறு வயதில் ஒரு முடிவு: என்.எச்.எல். அரங்குக்குச் செல்லும் மூன்று வழிகள்

வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கியையே தொழிலாக்கிக்கொள்ள விரும்பும் சிறுவன், மீசை அரும்பும் பருவத்திலேயே, தன் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானிக்கும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. கனடாவின் மேஜர் ஜூனியர் லீகுகளில் சேர்வதா, அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்காகக் காத்திருப்பதா, அல்லது ஐரோப்பாவில் வளர்ந்த ஆண்களோடு ஆடுவதா என்பதுதான் கேள்வி. எந்த வழியில் அதிக நட்சத்திரங்கள் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்து விடை சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் கனடிய ஜூனியர் லீகுகள் எளிதாக வென்றுவிடும், வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அங்கிருந்தும், மூன்றில் ஒரு பங்கினர் கல்லூரிகளிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் நட்சத்திரமாகப் போகிறவன் எந்த வழியில் போனாலும் போய்ச் சேர்ந்துவிடுவான் என்பதால், அந்த எண்ணிக்கை மற்றவர்களுக்கு அதிகம் உதவாது. ஒவ்வொரு வழியும் ஆட்டக்காரருக்கு எவ்வளவு காலம் கொடுக்கிறது, அந்தக் காலத்தின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் எண்ணம்.

முதலில் மேஜர் ஜூனியர். ஒன்டாரியோ லீக், மேற்கு லீக், கியூபெக்கையும் அட்லாண்டிக் மாகாணங்களையும் சேர்ந்த லீக் ஆகிய மூன்றும் கனடிய ஹாக்கி லீக் என்ற ஒரே குடையின்கீழ் இயங்குகின்றன. 1919-இல் தொடங்கிய மெமோரியல் கோப்பைதான் இவற்றின் உச்சப் பரிசு. 16 முதல் 20 வயது வரையிலான இளைஞர்கள் ஆடும் இந்த லீகுகளில், பருவ இறுதியில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளைச் சேர்க்காமலே ஒரு பருவத்துக்கு 64 முதல் 68 ஆட்டங்கள் உண்டு. 82 ஆட்டங்கள் என்று நெடுங்காலம் இருந்துவந்த என்.எச்.எல். பருவத்துக்கு இதைவிடக் கச்சிதமான ஒத்திகை வேறெங்கும் கிடையாது. சிட்னி கிராஸ்பி ரிமூஸ்கியிலும், கானர் மெக்டேவிட் ஈரி அணியிலும், கானர் பெடார்ட் ரெஜைனாவிலும் ஆடி, என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில், முறையே 2005, 2015, 2023 ஆண்டுகளில் முதல் ஆளாகத் தேர்வானவர்கள்.

இந்த வழியின் உண்மையான குணத்தை அறிய மேற்கு லீகின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மானிடோபாவின் பிராண்டனிலிருந்து பசிபிக் கரையோரத் தீவிலுள்ள விக்டோரியா வரை அணிகள் பரந்து கிடக்கின்றன. பயணம் பெரும்பாலும் பேருந்தில்தான். ஆட்டம் முடிந்ததும் ஈரத் தலையோடு பேருந்தில் ஏறி, பனி படர்ந்த நெடுஞ்சாலையில் இரவெல்லாம் பயணம் செய்து, இருக்கைக்கு மேலுள்ள சிறு விளக்கின் வெளிச்சத்தில் வீட்டுப்பாடத்தை முடித்து, விடியலில் இறங்கி, தன்னைத் தங்கவைத்திருக்கும் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டுப் பள்ளிக்குப் போகும் 16 வயதுப் பையன்தான் மேஜர் ஜூனியரின் சராசரி ஆட்டக்காரன். இப்படித் தங்க இடம் கொடுக்கும் குடும்பத்தை அங்கே ‘பில்லெட்’ என்கிறார்கள். உடலும் மனமும் இந்த வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகிக்கொள்பவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மெதுவாக வளர்பவனுக்கோ, மூச்சு வாங்கவே நேரம் கிடைப்பதில்லை.

தவிர, எந்த ஊரில் ஆடுவது என்பதைச் சிறுவன் தேர்ந்தெடுப்பதில்லை. அணிதான் அவனைத் தேர்ந்தெடுக்கிறது. அக்காலத்தின் மிகப் பெரிய இளம் திறமையாகக் கருதப்பட்ட எரிக் லிண்ட்ரோஸ் 1989-இல் தன்னைத் தேர்ந்தெடுத்த சூ செயின்ட் மேரி அணிக்குப் போக மறுத்து, ஆஷவாவுக்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டே மெமோரியல் கோப்பையை வென்றார். அப்படி மறுத்துவிட்டுத் தப்பிக்க லிண்ட்ரோஸாக இருக்க வேண்டும்.

கல்லூரி வழியில் பொழுது வேறு விதமாக ஓடுகிறது. ஆட்டங்கள் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும்; ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 34 முதல் 40 ஆட்டங்கள் மட்டுமே. எஞ்சிய நாட்கள் எடைப் பயிற்சிக்கும் ஆட்டப் பயிற்சிக்கும் வகுப்புகளுக்கும் உரியவை. ஆட்டங்கள் பாதியாகக் குறைவதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதை நிறையாகவே பார்க்கிறேன். 18 வயதில் உயரம் இருந்தும் தோளில் சதைப்பிடிப்பு இல்லாத ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு, திங்கள் முதல் வியாழன் வரையிலான நான்கு நாட்கள்தான் எதிர்காலம். அதோடு, கல்லூரியில் எதிரே நிற்பவர் 22, 23 வயது வளர்ந்த ஆளாக இருக்கலாம். ஜூனியரிலோ மூத்தவருக்கே 20 வயதுதான். ஆக, ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொரு மோதலின் கனம் கூடுகிறது. முகம் முழுவதையும் மூடும் கம்பிக் கவசம் இங்கே கட்டாயம். கைகலப்பில் இறங்கினால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். கைகலப்புக்கு இடம்கொடுத்தே பழகிய ஜூனியர் உலகிலும் கியூபெக் லீக் 2023-இல் இதே பாதைக்கு வந்துவிட்டது.

கேல் மக்கார் இவ்வழியின் மிகச் சிறந்த சாட்சி. 2017 டிராஃப்டில் கொலராடோ அணி அவரை நான்காவது ஆளாக எடுத்த பிறகும், அவர் அவசரப்படாமல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடினார்; 2019-இல் கல்லூரி ஹாக்கியின் உயரிய ஹோபி பேக்கர் விருதைப் பெற்ற சில நாட்களிலேயே என்.எச்.எல். பிளேஆஃபில் களமிறங்கித் தன் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2022-இல் என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையோடு, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கே வந்தன. மார்ட்டின் சென்ட் லூயியின் கதை இன்னும் அழுத்தமானது. உயரக் குறைவைக் காரணம் காட்டி எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத அவர், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளை முழுமையாக ஆடி முடித்து, சிறிய லீகுகளில் அலைந்து, 2004-இல் டாம்பா பே அணிக்காக ஸ்டான்லி கோப்பையையும் அந்தப் பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதையும் வென்றார். அவர் 17 வயதில் தன் முழு உருவத்தைக் காட்டியாக வேண்டியிருந்தால், அந்தப் பெயரை இன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இந்த இரு வழிகளுக்கும் இடையே நெடுங்காலம் ஒரு பூட்டிய கதவு இருந்தது. என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களும் ஆடுவதால் மேஜர் ஜூனியர் என்பது தொழில்முறை ஆட்டம் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. கருதியது, அங்கே ஆடியவருக்குக் கல்லூரி ஹாக்கியில் இடமில்லாமல் போயிற்று. பதினாறு வயதுப் பையன் எடுத்த முடிவைத் திருத்திக்கொள்ளவே முடியாது என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்ற வாக்களிக்கப்பட்டு, 2025 ஆகஸ்ட் 1 முதல் கதவு திறந்தது. மெடிசின் ஹாட் அணிக்காக ஆடி, கனடிய ஹாக்கி லீகின் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வான கேவின் மெக்கென்னா, 17 வயதிலேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறியது இந்த மாற்றத்தின் அடையாளமாகிவிட்டது. ஜூனியரில் இரண்டு ஆண்டுகள், பிறகு கல்லூரி என்ற கலப்பு வழி இப்போது சாத்தியம் என்பதால், பழைய ‘இதுவா, அதுவா’ என்ற வாதத்தின் பாதி வலு போய்விட்டது. இதனால் உண்மையில் நெருக்கடிக்கு உள்ளாகியிருப்பவர்கள், இதுவரை கல்லூரி இடங்களை நம்பி அமெரிக்க ஜூனியர் லீகுகளில் காத்திருந்த இளைஞர்கள்தான். அவர்கள் வரிசையில் இப்போது கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

மூன்றாவது வழியான ஐரோப்பா, அங்கேயே பிறந்தவர்களுக்கு இயல்பான வழி. வட அமெரிக்கருக்கு அரிய தேர்வு. ஆஸ்டன் மேத்யூஸ் அந்த அரிய தேர்வைச் செய்தவர். டிராஃப்டுக்கு வர அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 1997 செப்டம்பர் 17-இல் பிறந்த மேத்யூஸ், இரண்டே நாளில் ஓர் ஆண்டை இழந்தார். இழந்த அந்த ஆண்டை அவர் ஜூனியருக்கும் கொடுக்கவில்லை, கல்லூரிக்கும் கொடுக்கவில்லை. சூரிக் நகர அணியில் சேர்ந்து, குடும்பம் குட்டியோடு இருக்கும் ஆண்களுக்கு எதிராக 36 ஆட்டங்களில் 24 கோல்கள் அடித்தார். 2016 டிராஃப்டில் டொரான்டோ அவரை முதல் ஆளாக எடுத்தது; முதல் என்.எச்.எல். ஆட்டத்திலேயே நான்கு கோல்கள் அடித்தார். (அந்த ஆட்டத்தில் டொரான்டோ தோற்றது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.)

மேத்யூஸைப் பார்த்து எல்லோரும் கிளம்பிவிட முடியாது. ஐரோப்பிய அணிகளுக்கு இளைஞரை வளர்த்துவிடும் கடமை இல்லை. ஸ்வீடனில் கடைசி இடங்களில் முடித்தால் கீழ் லீகுக்கு இறங்க நேரலாம் என்பதால், பயிற்சியாளர் 18 வயதுக்காரனை நம்பி முக்கியமான நிமிடங்களைக் கொடுக்கத் தயங்குவார். ஒரு ஷிஃப்ட் என்பது, ஆட்டக்காரர் ஒருமுறை களமிறங்கி வெளியேறும்வரை ஆடும் ஏறத்தாழ 45 விநாடி. ஆட்டத்துக்கு இருபது ஷிஃப்ட் கிடைப்பவன் வளர்வான், ஆறு ஷிஃப்டுக்காகப் பலகையோரம் ஸ்டிக்கைப் பிடித்தபடி குளிரில் விறைத்து உட்கார்ந்திருப்பவன் வளர மாட்டான். மாறாக, முழு வளர்ச்சி பெற்ற பிறகு அட்லாண்டிக்கைக் கடப்பவருக்கு ஐரோப்பா மிகச் சிறந்த நாற்றங்கால். எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத ஆர்டெமி பனாரின், ரஷ்யாவில் தேறிய பிறகு 2015-இல் சிகாகோவுக்கு வந்து, முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதைப் பெற்றார்.

ஒப்பந்தம் என்று வரும்போதுதான் கடிவாளம் யார் கையில் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஜூனியரிலிருந்து எடுக்கப்பட்ட 18, 19 வயது ஆட்டக்காரர், என்.எச்.எல். அணியில் இடம்பிடிக்க வேண்டும், இல்லையேல் ஜூனியருக்கே திரும்ப வேண்டும். என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழேயுள்ள தொழில்முறை லீகான அமெரிக்க ஹாக்கி லீகுக்குப் போக முடியாது என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவந்த நடைமுறை. ஜூனியருக்கு மிஞ்சியவனாகவும் என்.எச்.எல்.லுக்கு எட்டாதவனாகவும் இருப்பவனுக்கு இது வீணாகும் ஓர் ஆண்டு. இதில் ‘ஒன்பது ஆட்டக் கணக்கு’ ஒன்றும் உண்டு. இந்த வயதில் பத்தாவது என்.எச்.எல். ஆட்டத்தை ஆடிவிட்டால் மூன்று ஆண்டு அறிமுக ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு கழிந்துவிடும். ஒன்பதோடு நிறுத்திவிட்டால் ஒப்பந்தம் அப்படியே அடுத்த ஆண்டுக்கு நகரும். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பின் மூட்டை கட்டிக்கொண்டு ஜூனியருக்குத் திரும்புவதில் ஆட்டத்தைவிட அணி மேலாளரின் கணக்குப் புத்தகத்துக்குப் பங்கு அதிகம்.

கல்லூரி ஆட்டக்காரருக்கு இந்தத் தராசு எதிர்ப்பக்கம் சாயும். அறிமுக ஒப்பந்தத்தின் நீளம் கையெழுத்திடும் வயதைப் பொறுத்தது: 21 வரை மூன்று ஆண்டுகள், 22, 23 என்றால் இரண்டு, 24 என்றால் ஒன்று. மார்ச் இறுதியில் கல்லூரிப் பருவம் முடிந்ததும் கையெழுத்திட்டு, எஞ்சிய ஓரிரு ஆட்டங்களில் ஆடி, ஒப்பந்தத்தின் முழு ஆண்டு ஒன்றைக் கழித்துவிடுவது அவர்களுக்கு வாடிக்கை. தன்னை டிராஃப்டில் எடுத்த அணி பிடிக்காவிட்டால், நான்கு ஆண்டுகளையும் முடித்துவிட்டு ஆகஸ்ட் 15 வரை பொறுத்திருந்தால் போதும். விரும்பிய அணியோடு பேசலாம். ஹார்வர்டில் ஆடிய ஜிம்மி வீஸி 2016-இல் தன்னை டிராஃப்டில் எடுத்த நாஷ்வில்லைக் காத்திருக்க வைத்துவிட்டு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனது இப்படித்தான். நாஷ்வில் ரசிகர்களின் கோபம் புரிகிறது. என் அனுதாபம் என்னவோ ஆட்டக்காரர் பக்கமே. 18 வயதில் கேட்காமலே ஓர் ஊருக்கு ஒதுக்கப்பட்டவருக்கு, 22 வயதில் ஒருமுறை மறுக்கும் உரிமை மிகையானதல்ல.

என்.எச்.எல். கைகூடாதவர்களே பெரும்பான்மை என்பதால், அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரிக்காரர் கையில் பட்டம் இருக்கும். ஜூனியரில் ஒரு பருவம் ஆடினால் ஓராண்டுக் கல்விச் செலவு என்ற ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும். சிறிய தொழில்முறை லீகுகளில் ‘இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம்’ என்று அலைபவன், அந்தப் பணத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். அலைவது உறுதியென்றால் 25 வயதுக்குப் பிறகு ஜெர்மனியோ சுவிட்சர்லாந்தோ மேலானது என்பேன். ஆட்டங்கள் குறைவு, பயணம் குறுகியது, வீடும் காரும் ஒப்பந்தத்திலேயே அடங்குவது சகஜம்.

கோல்கீப்பர்களுக்கு மட்டும் இந்த ஒப்பீடு முழுவதும் வேறு வேகத்தில் ஓடும். அவர்கள் 24, 25 வயதுக்கு முன் கனிவது அரிது. கானர் ஹெல்பக் டெக்சாஸிலுள்ள ஒடெசாவில், பெரிதாக யார் கண்ணிலும் படாத ஒரு ஜூனியர் அணியில் ஆடி, 2012 டிராஃப்டில் 130-ஆவது ஆளாக வின்னிபெக்கால் எடுக்கப்பட்டு, மாசசூசெட்ஸின் லோவல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடி, அதன்பிறகும் அமெரிக்க ஹாக்கி லீகில் பொறுமையாகப் பழகி, 2015 நவம்பரில்தான் முதல் என்.எச்.எல். ஆட்டத்தைக் கண்டார். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை மூன்று முறை பெற்றுவிட்ட அவர், 2025-இல் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதையும் பெற்றபோது அவருக்கு 32 வயது.