வொங்காவின் ஆலையும் நம்ம அண்டி ஆபீசும்: 1971 படமா, 2005 படமா?

ரோல்ட் டால் எழுதிய 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' 1964-ல் வந்த புத்தகம். வில்லி வொங்கா என்ற சாக்லேட் ஆலை முதலாளி, சாக்லேட் உறைகளுக்குள் ஐந்து தங்கச் சீட்டுகளை ஒளித்துவைக்கிறார். கண்டெடுக்கும் பிள்ளைகள் ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம், அவர்களில் ஏழைப் பையன் சார்லியும் ஒருவன். அதிலிருந்து எடுத்த படங்களில் இரண்டுதான் எப்போதும் போட்டிக்கு நிற்கும். மெல் ஸ்டூவர்ட் இயக்கி ஜீன் வைல்டர் நடித்தது 1971-ல் வந்தது. டிம் பர்ட்டன் இயக்கி ஜானி டெப் நடித்தது 2005-ல். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் படம் போடும் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து வாசகசாலைக்காரர்கள் இரண்டில் எதைப் போடலாம் என்று கேட்கிறார்கள்.

எந்தப் படம் புத்தகத்தை அப்படியே எடுத்திருக்கிறது என்று பார்த்தால் 2005-க்குத்தான் வெற்றி, அதில் விவாதமே இல்லை. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. மந்திரமும் மிட்டாயும் மேலே தெரிந்தாலும் இது தொழிற்சாலைகளின் கதை. வேலைக்குப் போகிறவர்கள், வேலை போனவர்கள், முதலாளிகள், முதலாளி வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் கதை முழுக்க ஆட்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் அம்மை காலையில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வீட்டுப் பிள்ளைகள் அநேகம். அவர்களுக்கு எந்தப் படம் அதிகம் பேசும் என்பதே என் கேள்வி.

சீட்டு கிடைத்த பணக்காரச் சிறுமி வெரூக்கா சால்ட்டின் அப்பாவிலிருந்து தொடங்கலாம். மகளுக்குத் தங்கச் சீட்டு வேண்டும் என்பதற்காக, கடலை உடைக்கும் தன் ஆலைப் பெண்களை அந்த வேலையை விட்டுவிட்டுச் சாக்லேட் உறையைப் பிரிக்கச் சொல்கிறார். 2005 படம் இதைப் போகிற போக்கில் காட்டிவிட்டு நகர்கிறது. 1971 படம் அங்கே நிற்கிறது. மேலே அலுவலக அறையில் மகள் காலை உதைத்துக் கத்துகிறாள், கீழே வரிசை வரிசையாகப் பெண்கள் பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் கண்டெடுப்பவருக்குச் சம்பளத்தோடு ஒரு பவுண்டு போனஸ் என்று அறிவிப்பு. கண்டெடுத்த பெண்ணுக்கு அந்தச் சீட்டில் பங்கில்லை. உட்கார்ந்தே முதுகு போன பெண்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம். இதில் 1971 படம் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

வொங்கா ஆலையின் பருப்பு அறைக்கு வந்தால் கதை திரும்புகிறது. புத்தகத்தில் நூறு அணில்கள் உயரமான முக்காலிகளில் உட்கார்ந்து வால்நட் உடைக்கும். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, சொத்தையென்றால் பின்னால் தூக்கி எறியும். 1971-ல் அதைப் படமாக்க வழியில்லாததால் பொன்முட்டையிடும் வாத்துகளை வைத்தார்கள். நல்ல முட்டை, கெட்ட முட்டை என்று ஒரு தராசு சொல்லும். வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே வேலையே நடக்கவில்லை. பர்ட்டனோ நிஜ அணில்களைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கி, போதாததற்குக் கணினி வரைகலையையும் பொம்மைகளையும் சேர்த்துக்கொண்டார். கடலைத் தொழிலில் ஊறிய சால்ட் அந்த நேர்த்தியைப் பார்த்து அசந்து நிற்கிறார். நானும் அசந்தேன். அந்த இடம் வந்ததும் பக்கத்தில் இருந்த சிறுமி, "சாரே, எனக்க அம்மையும் இப்படித்தான் உருட்டிப் பாத்துப் பாத்துப் போடுவா" என்றாள்.

உண்மைதான். தொலி உரித்த அண்டிப்பருப்பு மேசைக்கு வந்ததும் முழுசு, துண்டு, கருகல் என்று பிரிப்பார்கள். முழுப் பருப்பிலும் 180, 240, 320 என்று தரம் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். பழகிய கை எண்ணுவதில்லை, விரலில் பட்டதுமே தெரிந்துவிடும். தரம் பிரிப்பதை ஒரு வித்தையாக, மதிப்போடு காட்டிய குழந்தைகள் படம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இந்த ஒரு காட்சிக்காகவே 2005 படத்தைப் போடலாம்.

வேலை போவதையும் 2005 படமே நன்றாகச் சொல்கிறது. 1971-ல் சார்லிக்கு அப்பா இல்லை, அம்மா துணி துவைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். பர்ட்டன் அப்பாவை விட்டுவைத்தார். பற்பசைக் குழாய்க்கு மூடி திருகும் வேலை. தங்கச் சீட்டு மோகத்தில் ஊரே சாக்லேட் தின்ன, பல் சொத்தையாகி, பற்பசை விற்பனை ஏற, அந்தக் காசில் ஆலை ஒரு இயந்திரம் வாங்குகிறது. மூடி திருக இனி ஆள் வேண்டாம். லாபம் கூடியதால் வேலை போகிறது! புத்தகத்தில் ஆலை திவாலாவதோடு சரி. இந்தப் படத்தில் ஜோ தாத்தாவே வொங்காவிடம் வேலை பார்த்தவர், ரகசியம் திருடுபோகிறது என்று ஒரே நாளில் எல்லோரையும் அனுப்பியபோது வெளியே வந்தவர்.

வொங்காவின் ஆலையில் வேலை செய்யும் ஊம்பா லூம்பாக்கள் விஷயத்தில் இரண்டுமே தப்பிக்க முடியாது. முதல் பதிப்பில் அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட குள்ள மனிதர்கள், கூலி கோகோ விதை. எதிர்ப்பு வந்த பிறகு டால் மாற்றி எழுதினார். 1971 படம் அவர்களுக்கு ஆரஞ்சு முகமும் பச்சை முடியும் கொடுத்துச் சமாளித்தது. 2005-ல் அத்தனை பேராகவும் ஒரே நடிகர், கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த டீப் ராய். அவர் நடிப்பு அருமை, ஆனால் கோகோ கூலி அப்படியே இருக்கிறது. நம் ஆபீசுகளுக்குக் கப்பலில் பச்சை அண்டி அனுப்பும் ஐவரி கோஸ்ட்தான் உலகத்திலேயே அதிகம் கோகோ விளைவிக்கும் நாடு. பெரிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், நிச்சயம் கேள்வி வரும்.

பாட்டில் 1971-க்கு என் ஓட்டு. டேனி எல்ஃப்மேன் 2005-ல் டாலின் வரிகளுக்கே மெட்டுப் போட்டாலும் ஆர்ப்பாட்டத்தில் சொல் காதில் விழுவதில்லை. பாண்டிச்சேரி இளவரசனுக்குக் கட்டிய சாக்லேட் அரண்மனை வெயிலில் உருகி வழியும் காட்சி 2005-ல் மட்டும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

வொங்காவாக வைல்டருக்கு இணை இல்லை. கைத்தடியோடு நொண்டி வந்து, தடுமாறி விழுவதுபோல் குட்டிக்கரணம் அடித்து எழும் அறிமுகம் அவரே கேட்டு வாங்கியது. அதற்குப் பிறகு அந்த ஆள் சொல்வது நிஜமா பொய்யா என்று கடைசிவரை தெரியாது. டெப்பின் வொங்காவுக்குப் பல் மருத்துவ அப்பா, சின்ன வயது வருத்தம் என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறார்கள். அதனால் கடைசியில் அது சார்லியின் கதையாக இல்லாமல் பணக்காரரின் மனக்காயத்தை ஆற்றும் கதையாகிறது.

முடிவுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. 2005-ல் ஆலை உனக்கு, ஆனால் குடும்பத்தை விட்டு வா என்கிறார் வொங்கா. சார்லி மறுக்கிறான். அப்பா கல்ஃபில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது பட்ட இடத்தில் படும். 1971-ல் சார்லி தப்புச் செய்தவன், தாத்தாவோடு சேர்ந்து குடிக்கக் கூடாத பானத்தைக் குடித்தவன். உனக்கு ஒன்றும் கிடையாது போ என்று வொங்கா கத்துகிறார். அவன் பையில் வொங்கா கொடுத்த கரையாத மிட்டாய் இருக்கிறது. அதை வொங்காவின் போட்டிக்காரனிடம் கொடுத்தால் குடும்பத்தின் வறுமை தீரும். அவன் திரும்பி நடந்து அதை மேசையில் வைக்கிறான்.

வேலை விட்டு வரும்போது வாசலில் முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள் என் அம்மை. ஏழையென்றால் எடுத்துக்கொண்டு போவான் என்ற சந்தேகம் எங்களுக்குப் பழக்கம். வொங்கா வைக்கும் சோதனையும் அதே சந்தேகம்தான், அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் யாரும் உதறிப் பார்க்காமல் தானாக எடுத்து வைக்கிற அந்தக் கை, பத்து அணில் காட்சிக்குச் சமம்.

ஆகவே ஒரே படம்தான் போட முடியும் என்றால் 1971. ஆங்கில வசனம் எட்டாத, பத்து வயதுக்குக் கீழான கூட்டமென்றால் 2005. கண்ணாலேயே கதை புரியும், 115 நிமிடமும் அசையாமல் இருப்பார்கள். 1971-ல் படகு சுரங்கத்துக்குள் போகும்போது கோழித் தலையை வெட்டும் துணுக்கு ஒன்று சட்டென்று வரும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துத் தாண்டிவிடுங்கள்.