ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்குவோர் கவனத்துக்கு: பழி கணினி மேல், பழுது பெட்டிக்குள்

கணினியில் பாட்டுக் கேட்பதற்காக நல்ல தரமான ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்க எண்ணியிருப்போர் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கடையில் 62,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஜோடி, புதியதும் அல்ல, நம் நாட்டு மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டதும் அல்ல. இது வெளிப்படுவதற்குள் அந்தக் கடை தானே விதித்திருந்த மாற்றிக் கொடுக்கும் கெடு முடிந்துபோனது. ஸ்பீக்கரில் வந்த இரைச்சலைச் சொல்லி நான் முறையிட்டபோது, அதுவரை இழுத்தடிக்க அவர்களுக்குக் கைகொடுத்த சாக்கு ஒன்றே ஒன்றுதான்: "அது கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற சத்தம் சார்."

இந்தச் சாக்கு எளிதில் எடுபடுவதற்குக் காரணம், அதில் பாதி உண்மை என்பதே. சாதாரண ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபயர் தனியாக வெளியே இருக்கும். ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ தாழ்ந்த ஒலி தரும் வூஃபருக்கு ஒன்று, உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்கு ஒன்று என ஆம்ப்ளிஃபயர்கள் பெட்டிக்குள்ளேயே அமர்ந்திருக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மின்வடம், தனி எர்த். கணினியின் எர்த்தும் ஸ்பீக்கரின் எர்த்தும் ஆடியோ கேபிள் வழியாக ஒரு வளையமாக இணைந்துவிட்டால் 'ம்ம்' என்று இடைவிடாமல் ஒலிக்கும் ஹம் சத்தம் எழும். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று ஓர் ஒலி கேட்பதும் உண்டு. இவையெல்லாம் உண்மையிலேயே கணினி தரப்புத் தொல்லைகள்தாம். இரவில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் தானாக உறங்கிவிடுவதும் பழுது அன்று. மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறைக்கு ஏற்பப் பல தயாரிப்பாளர்கள் வைத்த ஏற்பாடு அது. பல மாடல்களில் பின்புறச் சுவிட்ச் ஒன்றால் அதை நிறுத்திவிடலாம். இத்தனை இயல்பான தொல்லைகளுக்கு நடுவே ஓர் உண்மையான பழுதை ஒளித்து வைப்பது விற்பவருக்குக் கடினமே அல்ல.

கடையில் முதலில் எனக்குக் காட்டப்பட்டது ஆக்டிவ் ஸ்பீக்கரே அல்ல. ஒரு பெட்டியில் மட்டும் ஆம்ப்ளிஃபயர் இருந்தது; மற்றது அதிலிருந்து இரட்டை ஒயர் வழியாகப் பாட்டை வாங்கிப் பாடியது. அதைச் சுட்டிக் காட்டியபோது, "கரண்ட் குடுத்தா பாடுதுல்ல சார், அப்புறம் அது ஆக்டிவ்தான்" என்று பதில் வந்தது. அதன்பிறகே உள்ளறையிலிருந்து நான் கேட்ட மாடல் வெளியே வந்தது. பில் போடாவிட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். வேண்டாம், பில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். அதில் மாடல் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. "கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் 1 செட்" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. நம்பரை எழுதித் தரச் சொன்னபோது, அது பெட்டி மேலேயே இருக்கிறது, வாரண்டிக்கு அதுவே போதும் என்று அடித்துச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து ஹம் தொடங்கியது. கடைக்குப் பேசினேன். முதலில் தங்கமுலாம் பூசிய யுஎஸ்பி கேபிளை வாங்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பையனை அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்த கையோடு, "எர்த் பின்ன எடுத்துடுங்க சார், சத்தம் போயிடும்" என்றார். எர்த் வளையத்தால் வரும் ஹம் அப்படிச் செய்தால் போகும் என்பது உண்மையே. ஆனால் உள்ளே மின்காப்பு எப்போதாவது கெட்டுப்போனால், உலோகப் பின்தகட்டில் 230 வோல்ட் ஏறி நிற்கும். தொட்டவரைக் காப்பாற்ற அந்தப் பெட்டியில் வேறெதுவும் இராது. யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்.

அந்தப் பையன் இருக்கும்போதே மூன்று சோதனைகளைச் செய்து காட்டினேன். ஸ்பீக்கர் கைக்கு வந்த அன்றே ஒவ்வொருவரும் இவற்றைச் செய்து பார்த்துவிட வேண்டும். முதலாவது, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுவது; சத்தம் நின்றால் சார்ஜர் வழி எர்த் வளையம் என்று பொருள். அதற்கு, வழியில் சேரும் இரைச்சலை ரத்து செய்யும் பேலன்ஸ்டு கேபிளோ, மின்தொடர்பே இல்லாத ஆப்டிகல் கேபிளோ போதும். இரண்டாவது, இடப்பக்க, வலப்பக்கக் கேபிள்களை இடம் மாற்றிப் போடுவது. சத்தம் கேபிளோடு இடம் மாறினால் குற்றம் கணினிப் பக்கம், அதே பெட்டியில் தங்கினால் குற்றம் பெட்டியில். மூன்றாவது, எல்லா ஆடியோ கேபிள்களையும் உருவிவிட்டு, மின்சாரம் மட்டும் கொடுத்து, காதை அருகே கொண்டுபோய்க் கேட்பது. ட்வீட்டரிலிருந்து மெல்லிய உஸ்ஸென்ற இரைச்சல் இரு பெட்டிகளிலும் ஒரே அளவில் வருவது இயல்பு. ஒரு பெட்டியில் மட்டும் ஹம் வந்தால் அது இயல்பு அன்று. என் இடப்பக்கப் பெட்டி, எந்தக் கேபிளும் இல்லாமலேயே ஹம்மிக்கொண்டிருந்தது. கணினி அடுத்த அறையில் அணைந்து கிடந்தது. கடைக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அன்றுவரை கணினி மேல் இருந்த குற்றம் மின்வாரியத்தின் மேல் போனது. உங்கள் பகுதியில் வோல்டேஜ் சரியில்லை என்றார்கள்.

தயாரிப்பாளரின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்தில் பின்தகட்டு நம்பரைப் பதிந்து பார்த்துவிட்டு, இது இந்தியாவுக்குள் தங்கள் வழியாக வந்த பொருளே அல்ல, இதற்கு இங்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மின்னணுப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் பிறகு அதைத் திறந்தார். பின்தகட்டில் "230V" என்றிருந்த சின்ன ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பியதும் உரிந்து வந்தது. அடியில் "115V 60Hz" என்று அச்சாகியிருந்தது. திருகுகளின் தலையில் கருப்புச் சாயம் உதிர்ந்து வெள்ளி மின்னியது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரம் நுழையும் இரண்டு முதல்நிலைச் சுற்றுகளையும் இணையாக இருந்த நிலையிலிருந்து தொடராக மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். 115 வோல்ட் பொருளை 230க்கு மாற்றும் வழி அதுவே, அதில் தவறில்லை. ஆனால் ஃபியூஸை மாற்றவில்லை. வோல்டேஜ் இரட்டிப்பானால் மின்னோட்டம் பாதியாகும், ஆகவே ஃபியூஸின் அளவும் பாதியாக வேண்டும். பழைய ஃபியூஸ் அப்படியே கிடந்ததால், கோளாறு நேர்ந்தாலும் அது உரிய நேரத்தில் எரியாது. இந்தப் பெட்டியின் எர்த் பின்னைத்தான் என்னை எடுக்கச் சொன்னார்கள்.

ஹம் வந்த காரணமும் அங்கேயே தெரிந்தது. மின்வழங்கிப் பகுதியில் மின் அலைவைச் சமன்செய்யும் பெரிய கெபாசிட்டர்களில் ஒன்று, அருகிலிருந்த மற்றொன்றோடு நிறத்திலும் உயரத்திலும் ஒத்துப்போகவில்லை. அதன் காலடியில், பற்றவைக்கும்போது பயன்படும் ஃபிளக்ஸ் பழுப்பு நிறத்தில் படிந்திருந்தது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னாக்கிய பின் எஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸில் இருக்கும். கெபாசிட்டர் வலுவிழந்தால் அந்த அலைவு ஸ்பீக்கரில் கேட்கும். போனில் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் செயலியை வைத்துப் பார்த்தபோது 100இல்தான் முள் எழுந்து நின்றது. யாரோ எங்கோ பயன்படுத்திப் பழுதானதை வாங்கி, ஒட்டுப்போட்டு, எனக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

சாதாரண ஸ்பீக்கராக இருந்திருந்தால் ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றிக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஆக்டிவ் ஸ்பீக்கரில் அந்த வழி இல்லை. உள்ளிருக்கும் போர்டு அந்தத் தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும். நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு வாரண்டிக்காகவே என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும் முன் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதியான பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், ஆண்டு ஆகியவை அதில் இருந்தாக வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. என் பெட்டியில் அந்தச் சீட்டு இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டுமே இருந்தது. அதை விலை ஸ்டிக்கர் உரிந்த இடம் என்றார்கள். இரு ஸ்பீக்கர்களின் சீரியல் நம்பர்களையும் பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. பில்லில் கெடு எதுவும் குறிக்கப்படாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பழையதைப் புதிது என்று விற்பதும் அவ்வாறே. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை பதிலளிக்காததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். உரிந்த ஸ்டிக்கரின் படம், சர்வீஸ் மையத்தின் கடிதம், கேபிள் இல்லாமலே ஸ்பீக்கர் ஹம்முவதைப் பதிந்த காணொளி ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இதே போன்ற பெட்டி யாரிடமாவது இருந்தால், முதலில் ஃபியூஸின் அளவைப் பாருங்கள். மனுவின் மாதிரி வேண்டுவோருக்கு அனுப்பித் தருகிறேன்.