இன்ஸ்பெக்‌ஷன் கெடு முடியும் நாளில் வாய் திறக்காவிட்டால்: டெக்சஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா

வீடு வாங்க ஒப்பந்தம் போட்டபின், வீட்டைச் சோதித்துப் பார்த்து விலக ஒரு கெடு உண்டு. அது முடியும்வரை பேசாமல் இருந்தால் மௌனம் சம்மதம் என்பது டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் செல்லும்; கலிஃபோர்னியாவில் செல்லாது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் வீடு வாங்கிப் பழகியவர்கள் இன்னொன்றில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இன்ஸ்பெக்டர் வேலை எங்கும் ஏறக்குறைய ஒன்றே: கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பார், சுவரை உடைக்க மாட்டார். அவர் ரிப்போர்ட்டை வைத்து எத்தனை நாளுக்குள், எவ்வளவு பணத்தோடு வெளியே வரலாம் என்பதுதான் ஒப்பந்தப் படிவத்துக்குப் படிவம் மாறுகிறது.

டெக்சஸில் விலகும் உரிமையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆப்ஷன் ஃபீ, வழக்கமாகச் சில நூறு டாலர், ஒப்பந்தம் அமலான 3 நாளுக்குள் பணத்தையும் பத்திரத்தையும் கையாளும் டைட்டில் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த உரிமையே கிடையாது. சேர்ந்துவிட்டால் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம். எர்னஸ்ட் மணி, அதாவது ஒப்பந்தத்தோடு கட்டும் அச்சாரம், திரும்பி வரும், ஆப்ஷன் ஃபீ வராது. எத்தனை நாள் என்பது பேரம்; 5 முதல் 10 நாள் சகஜம். கடைசி நாள் மாலை 5 மணிக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தாலும் திங்களுக்குத் தள்ளாது.

7 நாள் கெடு கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். 2ஆம் நாள் இன்ஸ்பெக்‌ஷன், 3ஆம் நாள் ரிப்போர்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாலஸ், ஹூஸ்டன் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே கிடக்கும் ஸ்லாபும், அதாவது வீட்டின் கான்கிரீட் அடித்தளமும், சேர்ந்து ஆடும். கதவு நிலையின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், தள்ளாமலேயே சாத்திக்கொள்ளும் கதவு, இவற்றைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டச் சொல்வார். அதற்கு இன்னும் இரண்டு நாள். பழைய வீட்டில் ஸ்லாபுக்கு அடியில் வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய் இருந்தால் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோஸ்டாடிக் சோதனை வேண்டும். அதற்கு விற்பவர் தனியாக எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. வீட்டின் வயது முன்பே தெரிந்ததுதானே, முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

6ஆம் நாள் ரிப்பேர் கேட்டு ஒப்பந்தத் திருத்தம் அனுப்புகிறீர்கள். "நாளைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறோம்" என்கிறார் எதிர்த்தரப்பு ஏஜென்ட். மறுநாள் 5 மணி தாண்டுகிறது, கையெழுத்து வரவில்லை. இருவரும் கையெழுத்திடாத திருத்தம் வெறும் காகிதம். இப்போது ரிப்பேரும் இல்லை, இலவசமாக விலகவும் முடியாது. இப்படி ஆகாமலிருக்க, கடைசி நாள் மதியத்துக்குள் கெடு நீட்டிப்புக்காவது இரு தரப்புக் கையெழுத்து வாங்குங்கள். அதுவும் வரவில்லை, வீட்டை அப்படியே ஏற்கவும் மனமில்லை என்றால் 5 மணிக்கு முன் விலகல் நோட்டீஸ்தான்.

ஃப்ளோரிடாவில் அதிகம் புழங்குவது 'ஆஸ் இஸ்' படிவம். பெயரைக் கேட்டு, இருக்கிறபடி வாங்கியே தீர வேண்டும் போல என்று மிரள்கிறார்கள். உண்மையில் வாங்குபவருக்கு இவ்வளவு இடம் தரும் படிவம் குறைவு. தனிக் கட்டணம் இல்லை. நாள் எண்ணிக்கையை நிரப்பாமல் விட்டால் 15 நாள். பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம். கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தால் டெபாசிட் (அச்சாரம்) திரும்பி வரும். கெடு வாரக்கடைசியில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குப் போகும். இன்னொரு வழக்கமான படிவத்தில், வேறு தொகை எழுதாவிட்டால் விலையில் 1.5% வரை பொது ரிப்பேருக்கு விற்பவர் பொறுப்பு. ஆனால் பிடிக்கவில்லை என்று எழுந்துபோகும் வசதி அதில் கிடையாது. என்னைக் கேட்டால் 'ஆஸ் இஸ்' மேல்.

அங்கே காலை வாருவது இன்ஷூரன்ஸ். பழைய வீடென்றால் கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கையும் பார்க்கும் ஃபோர் பாயின்ட் ரிப்போர்ட் கேட்பார்கள். கூரைக்கு 15 வயது ஆகாதவரை வயதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்பது 2022இல் வந்த சட்டம். தாண்டிவிட்டால், இன்னும் 5 வருடமாவது தாங்கும் என்று சோதித்துக் காட்ட வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் கெடுவுக்குள் கையில் இருக்கட்டும்.

கலிஃபோர்னியா தலைகீழ். ரியல்டர்கள் சங்கப் படிவத்தில், மாற்றி எழுதாவிட்டால் 17 நாள். 18ஆம் நாள் விடிந்தாலும் உங்கள் கன்டின்ஜென்சி, அதாவது சோதித்துப் பார்த்து விலகும் உரிமை, தானாகச் சாகாது. நீங்கள் கையெழுத்திட்டு நீக்கினால்தான் போகும். விற்பவர் நோட்டீஸ் விட்டு 2 நாள் பொறுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். வீடு போகும், டெபாசிட் போகாது. ஆபத்து கையெழுத்தில்தான். ஏஜென்ட் இரவு பத்து மணிக்கு அனுப்பும் ஒன்பது மின்கையெழுத்துப் படிவங்களில் ஒன்று அந்த நீக்கப் படிவமாக இருக்கும். பெரிய மஞ்சள் பட்டனை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் முடிந்தது கதை. அதன்பின் மனம் மாறினால், குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு விலையில் 3% வரை டெபாசிட்டை இழக்கலாம். 5,00,000 டாலர் வீட்டுக்கு அது 15,000.

இங்கே இன்ஸ்பெக்டருக்கு மாநில லைசென்ஸும் இல்லை. டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் உண்டு. இன்ஸ்பெக்டர்கள் சங்க உறுப்பினரா, மாதிரி ரிப்போர்ட் தருவாரா என்று விசாரியுங்கள். கரையான் ரிப்போர்ட்டில் செக்‌ஷன் 1 என்றால் இப்போதே அரிப்பு இருக்கிறது, செக்‌ஷன் 2 என்றால் வரக்கூடிய சூழல். பேரத்தை முதலாவதில் வையுங்கள்.

மூன்றிலும் ரிப்பேரைவிட க்ளோசிங்கில், அதாவது வீடு கைமாறும் நாளில், உங்கள் செலவில் கழியும் கிரெடிட் வாங்குவது நல்லது. காலி செய்து போகிறவர் மலிவான ஆளைத்தான் பிடிப்பார். ஆனால் வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, குடியிருக்கும் வீட்டுக்கு 10 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டால் விற்பவர் தரும் சலுகை 3% வரைதான், அதுவும் க்ளோசிங் செலவைத் தாண்டக் கூடாது. மிஞ்சுவதை விலைக் குறைப்பாகக் கேளுங்கள்.